பீப் ஒலிக்கு ஒரு தமிழ்ச்சொல்: வியாழன் மாலைக்குள் வேண்டும்

திங்கள் இரவு, திண்டுக்கல் ஆசிரியை:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் கணினி வன்பொருள் பாடம் நடத்துகிறேன். எங்கள் செய்முறைக் கூடத்தின் சுவரில் ஒட்டுவதற்கு ஒரு பக்கத் தமிழ்த் தாள் தயாரித்து வருகிறேன். வியாழன் மாலை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். மூன்று சொற்கள் என்னை நகரவிடவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் புதிய தாய்ப்பலகை (மதர்போர்டு) ஒன்றை மாணவர்களே பெட்டியில் பொருத்தினார்கள். முதல்முறை இயக்கியபோது திரை வந்தது. பத்து நிமிடத்தில் அப்படியே நின்றுவிட்டது. சுட்டி நகரவில்லை, விசைப்பலகையில் நம்லாக் விசையைத் தட்டினால் அதன் விளக்குகூட மாறவில்லை. அணைத்துவிட்டுப் போட்டால் திரையே இல்லை. ஒரு நீண்ட பீப், இரண்டு குறுகிய பீப், அவ்வளவுதான். கூடத்தில் கிடந்த பழைய அட்டவணையில் அதற்கு ‘காட்சி அட்டையில் கோளாறு’ என்று இருந்தது. ஒரு பிற்பகல் முழுவதும் கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகப் போயிற்று. பிறகு பலகையோடு வந்த கையேட்டை எடுத்துப் பார்த்தேன். இந்தப் பலகையில் அதே ஒலிக்கு ‘நினைவகம் தென்படவில்லை’ என்று பொருள். கையேடு ஆங்கிலத்தில் இருந்ததால் பிள்ளைகள் அதன் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

குனிந்து பார்த்தால், நினைவக அட்டையான ரேமின் ஒரு முனை நன்றாக இறங்கியிருக்கிறது. மறுமுனை ஒரு நெல் கனத்துக்குத் தூக்கி நிற்கிறது. கழற்றி, பொன்பூச்சுப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து, இரு பெருவிரலாலும் இரண்டு முனைகளையும் சேர்த்து அழுத்தினேன். ‘டக்’ என்று தாழ் விழுந்தது. அதன்பின் நிற்கவும் இல்லை, கத்தவும் இல்லை.

‘பீப் கோடு’, ‘ஃப்ரீஸ்’, கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் என்ற நிரல் தொடக்கத்தில் செய்துகொள்ளும் ‘செல்ஃப் டெஸ்ட்’. இம்மூன்றுக்கும் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்குப் புரியும் சொல் தாருங்கள்.

செவ்வாய் காலை, கோவை மொழிபெயர்ப்பாளர்:

அம்மா, என் பரிந்துரை: பீப் குறி, உறைதல், தொடக்கத் தற்சோதனை. தன் என்பதோடு சோதனை சேர்ந்தால் தற்சோதனை; தற்பெருமை, தற்சார்பு போல. உறைதல் ஏற்கெனவே பல மென்பொருள்களின் தமிழ்ப் பதிப்புகளில் இருக்கிறது. புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை.

செவ்வாய் பிற்பகல், தஞ்சாவூர் புலவர்:

ஆசிரியைக்கு என் பாராட்டு. ஆனால் ‘பீப்’ என்பதைச் சுவரில் ஏற்றலாகாது. வல்லின மெய் நம் மொழியில் ஈறாக வாராது என்பதை இக்குழுவில் யாருக்கும் நான் நினைவூட்ட வேண்டியதில்லை. எழுதியே ஆக வேண்டுமென்றால் ‘பீப்பு’ என்றாகும். அது நம் காதுக்கு இனிக்காது.

சொல் நம்மிடமே இருக்கிறது: வீளை. அகநானூற்றில் ‘மடிவிடு வீளை’ வருகிறது. வாயை மடித்து இடையன் எழுப்பும் சீழ்க்கை அது. அதைக் கேட்டு வெருண்ட குறுமுயல் புதரில் ஒளிகிறது. அந்த ஒலி பாட்டு அன்று, பேச்சும் அன்று. தொலைவில் இருப்பவர்க்கு விடும் குறி. திரை உயிர்பெறும் முன்னே பலகை எழுப்பும் ஒலியும் அதே தொழிலைத்தான் செய்கிறது. ஆகவே ‘வீளைக்குறி’. ‘சோதனை’யும் வடசொல்; ‘தன்னாய்வு’ போதும்.

செவ்வாய் இரவு, சென்னை, ரிச்சி தெருவில் பழுது பார்ப்பவர்:

ஐயா, தங்கள் தமிழை வணங்குகிறேன். ஆனால் என் கடைக்கு ஒரு நாளில் வரும் தொலைபேசிகளில் பாதி, ‘டிஸ்ப்ளே வரவில்லை, பீப் அடிக்கிறது’ என்றுதான் தொடங்கும். ‘எத்தனை முறை?’ என்று நான் கேட்பேன். அந்த எண்ணிக்கையில்தான் எல்லாமே இருக்கிறது. ‘வீளை எத்தனை முறை?’ என்று கேட்டால் தொலைபேசியை வைத்துவிடுவார்கள்.

ஆசிரியை அம்மா அவர்களுக்கு: உங்கள் பழைய அட்டவணையிலும் பிழை இல்லை. 1981இல் வந்த ஐபிஎம் கணினியிலேயே ஒரு குறுகிய பீப் என்றால் எல்லாம் நலம். ஒரு நீண்டது, இரண்டு குறுகியவை என்றால் காட்சி அட்டை. அந்த வழக்கத்தைப் பிறகு பலர் பின்பற்றினார்கள், சிலர் மாற்றிக்கொண்டார்கள். ஃபீனிக்ஸ் பயாஸ் இடைவெளி விட்டுக் குழுக்குழுவாக ஒலிக்கும். அங்கே இடைவெளியையும் எண்ண வேண்டும். ஆகவே எந்தச் சொல்லைப் போட்டாலும், தாளின் தலையில் ‘உங்கள் பலகையின் கையேட்டில் உள்ள அட்டவணையை மட்டும் நம்புங்கள்’ என்று பெரிய எழுத்தில் போடுங்கள்.

இன்னொன்று. இன்று வரும் பல பலகைகளில் ஒலிபெருக்கியே இல்லை. நான்கு துளை கொண்ட சின்ன ஒன்றைத் தனியாக வாங்கிச் செருக வேண்டும். அதற்குப் பதிலாகப் பலகையின் ஓரத்தில் செயலி, நினைவகம், காட்சி, தொடக்கம் என்று நான்கு சிறு விளக்குகள் வைக்கிறார்கள். எது எரிந்தபடியே நிற்கிறதோ அங்கே கோளாறு. ஒலிக்கு மட்டும் சொல் செய்தால் விளக்குக்கு என்ன செய்வீர்கள்? இரண்டையும் சேர்த்துக் ‘கோளாறுக் குறி’ என்று சொல்லலாமே.

புதன் காலை, யாழ்ப்பாண ஆசிரியர்:

வணக்கம். புலவர் ஐயா பீப் என்பதை அந்நியமாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பூவரசம் இலையைச் சுருட்டி, ஒரு முனையை நசுக்கி ஊதினால் வருவது என்ன? எங்கள் ஊரில் அதற்குப் பெயரே பீப்பீ. கோயில் திருவிழாக் கடையில் ஊதுகுழல் வாங்கிய பிள்ளையும் பீப்பீ என்றுதான் சொல்லும். ஒலிக்குறிப்புச் சொல் எந்த மொழிக்கும் தனியுடைமை அல்ல. காக்கை கத்துவதைக் ‘கா’ என்று எழுத நாம் யாரிடம் அனுமதி கேட்டோம்? பீப்பொலி என்று எழுதுங்கள். ஈற்றுச் சிக்கலும் தீர்ந்துவிடும்.

‘உறைதல்’ பற்றி ஒரு சொல். எங்களுக்கு அது தயிருக்கும் இரத்தத்துக்கும் உரியது. குளிரில் கை அசையாமற் போனால் ‘விறைத்துவிட்டது’ என்போம். கணினியும் விறைக்கட்டும். அத்துடன், ‘சோதனை’ என்றால் எங்கள் மாணவர்களுக்குப் பரீட்சைதான் நினைவுக்கு வரும்.

புதன் நண்பகல், மதுரைப் பொறியாளர்:

விறைத்தலுக்கு எங்கள் பக்கம் வேறு நினைப்புகளும் உண்டு, வகுப்பறைக்கு வேண்டாம். சிலைபோல் நிற்பதால் ‘சிலைத்தல்’ என்று சொல்லலாமா? ‘கணினி சிலைத்தது’. சுருக்கமாக இருக்கிறது.

புதன் பிற்பகல், தஞ்சாவூர் புலவர்:

தம்பி, ஆசை நல்லதுதான். ஆனால் பழந்தமிழில் சிலைத்தல் என்றால் முழங்குதல், ஒலித்தல். முரசு சிலைக்கும், வில் நாண் சிலைக்கும். அசையாமல் நிற்பதற்கு அந்தச் சொல்லை வைத்தால், ஒலிக்கும் கணினியும் நின்றுபோன கணினியும் ஒரே சொல்லுக்குள் விழும். இந்தத் தாளில் அந்த இரண்டையும்தானே பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது!

யாழ்ப்பாண நண்பரின் பூவரசம் பீப்பீயை நானும் ஊதியிருக்கிறேன், மறுக்க மாட்டேன். ஆனால் ஒலி ஒத்திருப்பதாலேயே வேர் ஒன்றாகிவிடாது. ‘பீப்பாய்’ நம் வீட்டுச் சொல்போல் புழங்குகிறது. அது போர்ச்சுகீசியரின் ‘பிப்பா’. சன்னல், சாவி, அலமாரி எல்லாம் அதே கப்பலில் வந்தவை. காது ஏமாறும்.

புதன் மாலை, கோவை மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, சாவியும் அலமாரியும் இன்று யாருக்கும் அந்நியமாகத் தோன்றவில்லையே. அதைத்தான் நானும் சொல்கிறேன். 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலானோர் அறிவியல் சொற்களுக்கென ஒரு சங்கம் தொடங்கியது முதல் இன்றுவரை இதே வழக்கைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறோம். கணிப்பொறியா கணினியா என்று எத்தனை ஆண்டுகள் செலவழித்தோம்! கடைசியில் சுருக்கமான சொல்லை மக்களே எடுத்துக்கொண்டார்கள்.

புதன் இரவு, திண்டுக்கல் ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. இன்று வகுப்பில் ஒன்று நடந்தது. ரேமை வேண்டுமென்றே கழற்றிவிட்டுப் பலகையை இயக்கினேன். ஒலியை எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஒரு மாணவி தன் நோட்டில் ‘நெடில், குறில், குறில்’ என்று எழுதியிருந்தாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நீண்ட பீப், குறுகிய பீப் என்று நான் இத்தனை நாள் இழுத்துக்கொண்டிருந்ததை ஒரு வரியில் முடித்துவிட்டாள். எழுத்துக்கு உரிய பெயரை இயந்திர ஒலிக்கு வைக்கலாமா?

புதன் நள்ளிரவு, தஞ்சாவூர் புலவர்:

அந்தப் பெண்ணுக்கு என் ஆசிகள். தாராளமாக வைக்கலாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ‘கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை’ என்று தொல்காப்பியம் அளந்தது ஒலியின் கால அளவைத்தானே? நிற்காமல் நீளும் ஒலியை அளபெடை எனலாம்.

தூக்கம் வராமல் இன்னொன்றும் கண்டேன். நெடில், குறில், குறில்: நேரும் நிரையும். வாய்பாடு கூவிளம்! ‘கூ’ நெடில், ‘வி’யும் ‘ள’வும் குறில். உங்கள் பலகை சொன்னது கூவிளம். வில்வத்துக்கும் அதுவே பெயர். மாணவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

வியாழன் காலை, மதுரைப் பொறியாளர்:

ஐயா, கூவிளம் அழகாக விழுந்துவிட்டது, மற்றவை விழாது. மூன்று குறில் மட்டும் ஒலித்தால் நிரை, நேர்: புளிமா. ஆனால் ‘மா’ நெடில் ஆயிற்றே! தனிக்குறிலும் நேர், தனிநெடிலும் நேர் என்பது யாப்புக்குச் சரி. பலகைக்கு அந்த வேறுபாடுதான் உயிர். அசை வரை போக வேண்டாம், எழுத்தோடு நிற்போம். ‘குற்றொலி, நெட்டொலி’ என்று தனிச்சொல் ஆக்கினால் எழுத்தோடு குழப்பம் வராது.

வியாழன் காலை, ரிச்சி தெரு:

குற்றொலி வேண்டாம். என் கடைப் பையனிடம் படிக்கக் கொடுத்தேன். ‘குற்றம் சொல்லும் ஒலியா அண்ணா?’ என்றான். ஒரு குறில் என்றால் பல கணினிகளில் எல்லாம் நலம் என்று பொருள். அதைப் போய்க் குற்றம் என்று படித்தால் நல்ல பலகையைக் கழற்றிவிடுவார்கள். நெடில், குறில் போதும். என் வாக்கு அதற்கே.

வியாழன் நண்பகல், யாழ்ப்பாண ஆசிரியர்:

நெடில், குறிலுக்கு நானும் சம்மதம். விறைத்தலை விட்டுக்கொடுக்கிறேன், ஆனால் எங்கள் வகுப்பில் அப்படியேதான் சொல்லுவோம்.

வியாழன் மாலை, திண்டுக்கல் ஆசிரியை:

தாளை அச்சகத்தில் கொடுத்துவிட்டேன். பெரும்பாலோர் சொன்னபடி: பீப்பொலி, நெடில், குறில், உறைந்து நிற்றல், தொடக்கத் தற்சோதனை. கையேட்டு எச்சரிக்கை மேலே பெரிய எழுத்தில். அதன் கீழே, மின்கம்பியைப் பிடுங்கிய பிறகே ரேமைத் தொட வேண்டும் என்ற வரி. விளக்குகளுக்கென்று தாளின் கீழே ஒரு சிறு பெட்டி விட்டிருக்கிறேன். ‘கோளாறுக் குறி’ அதற்குத் தலைப்பு.

வியாழன் இரவு, தஞ்சாவூர் புலவர்:

பீப்பொலிக்கு நான் உடன்படவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். அச்சாகிவிட்டது, வருத்தமில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள், அம்மா. வீளை என்ற சொல்லை உங்கள் மாணவர்களில் ஒருவராவது அறிவாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

வெள்ளி மாலை, திண்டுக்கல் ஆசிரியை:

கேட்டேன், ஐயா. சொல்லை யாரும் அறியவில்லை. ஆனால் ஆடு வளர்க்கும் வீட்டுப் பையன் ஒருவன் இருக்கிறான். சிதறிய ஆட்டைத் திருப்பத் தன் தாத்தா கீழுதட்டை மடித்துச் சீழ்க்கை விடுவார் என்றான். எப்படி என்று கேட்டேன். திருகுளியை மேசைமேல் வைத்துவிட்டு, உதட்டை மடித்து, ஒருமுறை அடித்துக் காட்டினான். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எழுந்து வந்துவிட்டார்.