புதுப்பிப்பு: இறுகிப்போன ஆக்சிஜன் சென்சார் கழன்றது

என் வண்டியின் எக்ஸாஸ்ட் குழாயில் துருவேறி இறுகிய ஆக்சிஜன் சென்சாரை (புகையில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று பார்க்கும் கருவி) கழற்ற வழி கேட்டிருந்தேன் அல்லவா? கழற்றியாகிவிட்டது. சூடு காட்டச் சொன்னவர்களுக்கு மிக்க நன்றி.

ஒயருக்காகப் பிளவு விட்ட சாக்கெட், அழுத்தம் கூடியதும் வாய் விரிந்து வழுக்கியது. பினாங்கு ஜெலுத்தோங்கில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் ஒயரையே வெட்டினார். பழைய சென்சார் எப்படியும் குப்பைக்குத்தானே. அப்புறம் 22 மி.மீ. ரிங் ஸ்பேனர் முழுசாக உட்கார்ந்தது.

தீயைச் சென்சார் மேல் காட்டவில்லை, அது உட்கார்ந்திருக்கும் கழுத்தைச் சுற்றிக் காட்டினார். கழுத்து விரிந்தால்தான் மரை விடும். மங்கலாகச் சிவந்ததும் ஸ்பேனரை அழுத்தினார், ‘டக்’ என்றது. உடனே சுற்றிவிடாமல் கொஞ்சம் இளக்கி, திரும்ப இறுக்கி, மறுபடி இளக்கினார். மரை தப்பியதே அந்தப் பொறுமையால்தான். பார்க்கவே அவ்வளவு நிறைவாக இருந்தது.

பிறகு கழுத்தின் மரைக்குள் அதே அளவு மரைக்கருவி (எம்18, 1.5 பிட்ச்; அதாவது 18 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. மரை இடைவெளி) விட்டுத் துருப்பொடியை எடுத்தார். புதிய சென்சாரின் மரையில், இறுகிப்போகாமல் காக்கும் பசை ஏற்கெனவே தடவியிருந்ததால் வேறெதுவும் பூசவில்லை. நீங்கள் பூசுவதானால் நுனியில் படவே கூடாது, சென்சார் கெட்டுவிடும்.

எஞ்சின் எச்சரிக்கை விளக்கு அணைந்துவிட்டது. பினாங்குப் பாலத்தில் ஓட்டிப் பார்த்தேன், இழுவை சீராக இருக்கிறது.

வீட்டில் முயல்கிறவர்கள், துரு இளக்கும் எண்ணெய் அடித்த கையோடு தயவுசெய்து தீ காட்டாதீர்கள்.