பழைய மடக்குக் கத்தி: நுனி உடைஞ்சு, அலகு ஆடுது. ஒட்டுக்கத்தியாய் மாத்தலாமோ?

வடலி:
இங்கிலாந்தின்ர ஷெபீல்டில செய்த ஒற்றை அலகுக் கத்தி. கறள் பிடிக்கிற உருக்கு, பித்தளை உள்தகடு, கொம்புப் பிடி. நுனி 4 மி.மீ. அளவு உடைஞ்சு போச்சு. விரிச்சால் அலகு பக்கவாட்டில ஆடுது. ஒரு பக்கக் கொம்பு ஆணியடியில வெடிச்சிருக்கு. அலகைப் பிடிச்சு வைச்சிருக்கிற முதுகு வில் நல்ல விறைப்பு. திருத்தி மா, தோடைக் கண்டு ஒட்டுறதுக்குப் பாவிக்க விருப்பம். எதில தொடங்கிறது?

சாணைக்கல்:
முதல்ல ஆட்டம். ஒரு இரவு மண்ணெண்ணெயில ஊறவிட்டு மூட்டைத் துப்பரவாக்குங்கோ. ஊத்தை போனால் ஆட்டம் கூடத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். பிடியின்ர தலைப்பக்க உலோகத்தில, அலகு சுழலுற அச்சாணி கண்ணுக்குத் தெரியாது. மூட்டில ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அலகை ஆட்டினால் கசிஞ்சு வட்டமாய்க் காட்டும். அந்த இடத்தை இரும்புக் கட்டையில வைச்சு உருண்டைத்தலைச் சுத்தியலால மெல்லத் தட்டுங்கோ. இடைக்கிடை திறந்து மூடிப் பாருங்கோ. தட்ட முந்தி அலகுக்கும் தகட்டுக்கும் இடையில எண்ணெய்க் கடதாசி செருகோணும், இல்லாட்டி அலகு இறுகிப் போகும்.

நுனியை முதுகுப் பக்கத்தால மட்டும் அராவுங்கோ. வெட்டுற வாய்ப்பக்கத்தால அராவினால், மடக்கேக்க நுனி வெளியில நிண்டு சேட்டுப் பையைக் கிழிக்கும். சாணை மெசின் எண்டால் ஒவ்வொரு தொடுகைக்கும் தண்ணியில தோயுங்கோ. சூட்டில உருக்கு நீலம் பாஞ்சால் அந்த இடத்தின்ர பதம் (கடினம்) போச்சு, எவ்வளவு தீட்டினாலும் கூர் நிக்காது. நேரம் இருந்தால் அரமும் கல்லும்தான் நல்லம்.

பனைவைரம்:
வெடிச்ச கொம்பை ஒட்டி மினக்கெட வேண்டாம், ஆணியடியில திரும்ப வெடிக்கும். இரண்டு பக்கத்தையும் மாத்துங்கோ. பழைய கூரைப் பனஞ்சலாகையின்ர கறுத்த வைரம் (கடினமான பகுதி) கிடைச்சால் அதைவிட வேற மரம் தேவையில்லை. ஆனால் பனை நார் நாராய்ப் பிளக்கும். அறுத்த உடன மெல்லிய சூப்பர் குளூவைக் குடிக்க விடுங்கோ, அடியில பலகை வைச்சுத் துளையுங்கோ. சிராய் பொல்லாதது, கையுறை போடுங்கோ. பிடியைத் தகட்டில ஒட்டிற எபொக்சிப் பசை 24 மணித்தியாலம் காயோணும். அதுக்குப் பிறகுதான் பித்தளை ஆணி அடிக்கிறது. ஆணித்துளை இறுக்கமாய் இருந்தால் பனையும் வெடிக்கும்.

ஒட்டுக்கத்திக்கு ஒரு பக்கம் மட்டும் சரிவு. வலக்கைக்காரருக்கு வலப்பக்கம். அதுக்காக இடப்பக்கம் முழுக்கத் தேய்ச்சுத் தட்டையாக்காதேங்கோ, அலகு மெலிஞ்சு வளையும். வலப்பக்கத்தை மட்டும் தீட்டி, மற்றப் பக்கத்தில, தீட்டேக்க வாயில எழும்பிற பிசிரை எடுத்தால் போதும். தீட்டத் தீட்டத் தானாய் ஒற்றைச் சரிவாகும்.

வடலி:
நன்றி அண்ணை. நுனியை அராவிப் பார்த்தன், மடக்கினால் இன்னும் அரை மி.மீ. துருத்துது. திரும்பவும் முதுகை அராவவோ?

சாணைக்கல்:
தேவையில்லை. அலகின்ர அடியில, மடக்கேக்க வில்லில குந்திற சின்ன முனை ஒண்டு இருக்கும். அதை 0.1 மி.மீ. அராவினால் நுனி கிட்டத்தட்ட 1 மி.மீ. இறங்கும், ஏனெண்டால் நுனி அச்சாணிக்கு அவ்வளவு தூரம். அரத்தால ஓரிரு இழுவை, பிறகு மடக்கிப் பார்க்கிறது. கூடினால் வாய் வில்லில முட்டி நடுவில மழுங்கும், திரும்பக் கூட்ட ஏலாது.

பனைவைரம்:
பித்தளையைப் புளி போட்டுத் துலக்காதேங்கோ, புளிப்பு மூட்டுக்குள்ள நிண்டு வில்லை அரிக்கும். மூட்டுக்குத் தையல் மெசின் எண்ணெய், தேங்காயெண்ணெய் பிசினாகும். மரத்துக்கு மரம் ஸ்பிரிட்டால துடைச்சுப் போட்டு வெட்டுங்கோ, மாம்பால் காஞ்சால் அலகு கறுக்கும்.