ஒரே இயக்குநர், பல பாகங்கள்: அலுக்காமல் நீடிப்பது எப்படி?

கோத்தகிரிவாசி:
கோத்தகிரியில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர், பனி இறங்கிய ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், நண்பர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் பார்த்து வருகிறோம். இனி வரும் சில மாதங்களுக்கு, ஒரே இயக்குநர் விடாமல் எடுத்த தொடர் படங்களையே பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். சுந்தர் சி. 2014 முதல் 2024 வரை 'அரண்மனை'யை நான்கு பாகங்கள் எடுத்தார். ஹரி 2010, 2013, 2017 ஆகிய ஆண்டுகளில் 'சிங்கம்' படங்களின் காவல் அதிகாரி துரைசிங்கத்தை மூன்று முறை திரைக்குக் கொண்டுவந்தார். இவற்றைப் பற்றிப் பேசும்போதே கூடம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. இயக்குநர் மாறாததால்தான் பின்வரும் பாகங்கள் தேய்கின்றன என்பவர்கள், ஹாரி பாட்டர் வரிசையில் முதல் இரண்டு படங்களை எடுத்த கிறிஸ் கொலம்பஸ் விலகி, 2004இல் அல்போன்சோ குவாரோன் வந்த பிறகே அதற்குப் புது நிறம் கிடைத்தது என்கிறார்கள். அதே வரிசையின் கடைசி நான்கு படங்களையும் டேவிட் யேட்ஸ் ஒருவரே எடுத்தாரே என்று மற்றவர்கள் மடக்குகிறார்கள். இதில் அனுபவமுள்ளவர்கள் கருத்துச் சொன்னால், எதைத் திரையிடுவது என்பதும் எங்களுக்குத் தெளிவாகும்.

கூடலூர் மழை:
எங்கள் ஊரில் தமிழ்ப் படத்துக்கு நிகராக மலையாளப் படமும் பார்த்து வளர்வோம் என்பதால், எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் கே. மது. சேதுராமய்யர் என்ற சி.பி.ஐ. அதிகாரியாக மம்மூட்டி நடித்த ஐந்து படங்களையும் அவரே இயக்கினார். ஐந்துக்கும் எழுதியவர் எஸ்.என். சுவாமி. முதல் படம் 1988, அடுத்தது 1989, பிறகு பதினைந்து ஆண்டு இடைவெளி விட்டு 2004, 2005, இறுதியாக 2022. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கும் அந்த நடை, நெற்றிக் குறி, ஷியாம் அமைத்த பின்னணி இசை ஆகியவை வந்தாலே அரங்கில் கைதட்டல் எழும். ஐந்தாம் படம் கதையளவில் என்னை ஏமாற்றியது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் 2012இல் விபத்தில் பலத்த காயமடைந்து நடிப்பிலிருந்து ஒதுங்கியிருந்த ஜெகதி ஸ்ரீகுமார் அதில் சிறிது நேரம் தோன்றியபோது, பழைய படங்களைப் பார்த்திருந்த நாங்கள் கண் கலங்கினோம். வேறொருவர் இயக்கியிருந்தால் அந்தக் காட்சிக்கு இடமிருந்திருக்குமா என்பது ஐயமே.

குன்னூர் பெட்டிக்கடை:
கண்கலங்குவது இருக்கட்டும், கூடலூர் நண்பரே, தொடர் யாருடைய சொத்து என்பதையும் பார்க்க வேண்டும். ஜேம்ஸ் பாண்ட் தயாரிப்பாளர்களின் சொத்து. 1981 முதல் 1989 வரை ஐந்து படங்களை ஜான் கிளென் வரிசையாக எடுத்தபோதிலும் அதை யாரும் 'ஜான் கிளென் தொடர்' என்று சொல்வதில்லை. நம்மிடமோ இயக்குநரின் பெயரே தொடரின் முத்திரையாகிவிடுகிறது. ராகவா லாரன்ஸ் 2007இல் 'முனி'யில் தொடங்கி, 2011, 2015, 2019 என்று 'காஞ்சனா' வரிசையில் தாமே இயக்கித் தாமே நாயகனாகவும் நடித்தார். பேய்க்குப் பயந்து நடுங்கும் இளைஞன், துணைக்கு ஒரு தாய், உள்ளே புகும் ஆவி, அந்த ஆவிக்கு ஓர் அநீதிக் கதை என்ற சட்டகம் அப்படியே இருக்க, ஆவியின் கதை மட்டும் மாறியது. அதில் சரத்குமார் ஏற்ற திருநங்கைப் பாத்திரம் அமைந்த இரண்டாவது படமே உயரம் என்பேன். பிறகு வந்தவை அந்த வெற்றியைத் திரும்பச் சமைத்தவை. வசூல் வரும்வரை சட்டகத்தைக் கலைக்கும் துணிவு இயக்குநருக்கும் வராது, கலைக்கச் சொல்லும் துணிவு பணம் போட்டவருக்கும் வராது.

கவாத்துக் கத்தி:
இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். செடியை மாற்றாமலே பல பத்தாண்டுகள் இலை பறிக்கிறோம். ஆனால் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை கவாத்து வெட்டாவிட்டால் அது மரமாகி, நல்ல கொழுந்து தராது. இதைத் திரையில் செய்துகாட்டியவர் ஜப்பானின் யோஜி யமாதா. தோரா-சான் என்ற நாடோடி வியாபாரியின் கதையில் 1969 முதல் 1995 வரை 48 படங்கள் வந்தன. மூன்றாவதையும் நான்காவதையும் தவிர மற்ற அனைத்தையும் இயக்கியவர் அவரே. ஒவ்வொரு படத்திலும் தோரா ஊர் திரும்புவான், வீட்டில் சண்டை போடுவான், ஒரு பெண்ணை நேசிப்பான், கைகூடாமல் மறுபடி புறப்பட்டுவிடுவான். குன்னூர்க்காரர் குறை சொல்லும் அதே சட்டகம்தான்! ஆனால் ஊர்கள் மாறின, நாயகிகள் மாறினார்கள், நடிகர்கள் கண்ணெதிரே மூத்தார்கள். நாயகன் கியோஷி அட்சுமியின் உடல்நலம் குன்றத் தொடங்கியபோது, யமாதா கதையின் பாரத்தைத் தோராவின் தங்கை மகனான மருமகன் மிட்சுவோவின் காதல் மீது மெல்ல மாற்றி, மாமனை ஆலோசனை சொல்பவனாக உட்காரவைத்தார். வெட்ட வேண்டிய கிளை எது என்பது வேரைப் பல ஆண்டுகள் பார்த்தவருக்குத்தானே தெரியும்? அட்சுமி 1996இல் காலமானார். 2019இல் பழைய காட்சிகளையும் சேர்த்து ஐம்பதாவது படத்தையும் யமாதாவே எடுத்தார்.

கோத்தகிரிவாசி:
மூவருக்கும் நன்றி. குன்னூர்க்காரரின் வாதத்தை எங்கள் கூடத்தில் வாசித்தபோது எதிர்த்தரப்பு அமைதியாகிவிட்டது, ஆனால் யமாதாவைப் பற்றிப் படித்ததும் மறுபடியும் பேச்சு தொடங்கிவிட்டது. முதல் ஞாயிறு 1988ஆம் ஆண்டு சி.பி.ஐ. படம், அடுத்தது தோரா-சானின் முதல் படம் என்று வைத்திருக்கிறோம். கவாத்துக் கத்தி ஐயா, மருமகனின் கதை முன்னுக்கு வரும் படங்களில் எதை முதலில் பார்க்கலாம் என்று சொன்னால், மூன்றாவது ஞாயிற்றையும் நிரப்பிவிடுவேன். வேட்டி சற்றுச் சிறியது என்பதால், எழுத்துவரிகள் பெரிதாகத் தெரியும் பிரதியாக இருந்தால் நல்லது.