மழைப் பதிவேட்டில் அக்டோபர் மட்டும் எண்ணாக மாறாதது ஏன்?

கேள்வி (ஏற்காடு)

வணக்கம். எங்கள் காப்பித் தோட்டத்தில் என் தந்தையார் அன்றாடம் அங்குலத்திலும் சென்ட்டிலும் (அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு) குறித்துவந்த மழைப் பதிவேட்டை, நானும் என் தங்கையும் ஆளுக்குப் பாதியாகத் தட்டச்சு செய்து முடித்திருக்கிறோம். மாதப் பெயர்களை அப்படியே வரிசைப்படுத்தினால் அக்டோபர், ஆகஸ்ட், ஏப்ரல், செப்டம்பர் என்று எழுத்து வரிசையில் வருவதால், அவற்றை எண்ணாக்க முயன்றேன். பைத்தான் நிரல்மொழியில் லொக்கேலை (மொழி, வட்டார அமைப்பை) தமிழுக்கு மாற்றி, காலண்டர் தொகுதியில் உள்ள மன்த் நேம் என்ற மாதப் பெயர்ப் பட்டியலைப் பெயருக்கு எண் தரும் டிக்ஷனரியாக (இணை அட்டவணையாக) திருப்பிக்கொண்டேன். ஆனால் மாதம் எழுதாமல் விட்ட வரிகளெல்லாம் பிழை காட்டாமல் 0 ஆகிவிடுகின்றன. அதைவிட வருத்தம், தங்கை தட்டச்சு செய்த பாதியில் அக்டோபர் மட்டும் மாறவே இல்லை. திரையில் இருவரின் அக்டோபரும் ஒன்றாகத்தான் தெரிகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் மாதம் விடுபட்டால் பதிவேட்டுக்குப் பொருளே இல்லை.

பதில் 1 (சேலம்)

அந்தப் பட்டியலில் இருப்பவை 12 அல்ல, 13 உறுப்புகள். ஜனவரிக்கு 1 என்ற எண் அமைய வேண்டும் என்பதற்காக, 0 ஆம் இடத்தில் வெற்றுச் சரம் (எழுத்தே இல்லாத சொல்) வைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் திருப்பியபோது அதுவும் டிக்ஷனரிக்குள் வந்துவிட்டது. அதை நீக்கிவிட்டால் வெற்று வரிகள் பிழையாக வெளிப்படும். லொக்கேலை மாற்றுவதையும் கைவிடுங்கள் என்பேன். அது நிரல் முழுவதையும் பாதிக்கும்; தமிழ் லொக்கேல் நிறுவப்படாத கணினியில் நிரல் ஓடாது. பன்னிரண்டு பெயர்களை நீங்களே எழுதிக்கொள்வதே உறுதியான வழி. பிப்ரவரியுடன் பெப்ரவரியையும் சேர்த்துவிடுங்கள்.

பதில் 2 (சேலம்)

அக்டோபரின் காரணம் ‘டோ’ என்ற எழுத்தில் இருக்கிறது. கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகார இரட்டைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, ஆனால் பைத்தானுக்கு அவை வெவ்வேறு சரங்கள். பன்னிரண்டு பெயர்களில் அக்டோபரில் மட்டுமே ஓகாரம் வருவதால், மற்ற பதினொன்றும் தப்பித்தன. பெயரைத் தேடுவதற்கு முன், யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் செயற்கூறைக் கொண்டு ‘என்எஃப்சி’ வடிவுக்கு (பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவம்) மாற்றுங்கள்; டிக்ஷனரியில் உள்ள பெயர்களுக்கும் அதையே செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தங்கையின் அக்டோபரில் ஓர் எழுத்துக்குறி கூடுதலாக இருந்ததை நீளத்தை அளந்து உறுதிசெய்தேன். மாற்றியபின் எல்லா வரிகளும் 10 ஆகிவிட்டன. தொடக்கப் பக்கங்கள் சிலவற்றில் தந்தையார் ‘ஐப்பசி’ என்றே எழுதியிருக்கிறார். அதற்கும் 10 கொடுக்கலாமா?

பதில் 1

வேண்டாம். ஐப்பசி, அக்டோபர் நடுவில் பிறந்து நவம்பர் நடுவில் முடிகிறது. ஐப்பசி 5 அக்டோபரிலும் ஐப்பசி 25 நவம்பரிலும் விழும். மாதப் பெயரை மட்டும் வைத்து எண் தர இயலாது. நாளும் ஆண்டும் எழுதப்பட்டிருந்தால், அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தைப் பார்த்து முழுத் தேதியாக மாற்றுங்கள். இல்லாத வரிகளைத் தந்தையார் எழுதியபடியே தனி நெடுவரிசையில் வைத்திருங்கள்.