மறு: ஸ்ட்ரோக் பிளே, மேட்ச் பிளே – தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

தீவுகளின் அணிகள் மோதும் பன்னாட்டுப் போட்டியான தீவு விளையாட்டுகள் (ஐலண்ட் கேம்ஸ்) பற்றிய நம் கட்டுரையில் வரலாற்றுப் பகுதி முடிந்துவிட்டது. 1985-ல் மான் தீவில் தொடங்கியது, 2021-ல் கெர்ன்சியில் நடக்க வேண்டியது பெருந்தொற்றால் 2023-க்குத் தள்ளிப்போனது, 2025-ல் ஆர்க்னிக்கு வந்தது, எல்லாம் ஏற்றியாயிற்று. குழிப்பந்தாட்டப் (கோல்ஃப்) பகுதிதான் பாதியில் நிற்கிறது. முதல் வரியிலேயே 'ஸ்ட்ரோக் பிளே', 'மேட்ச் பிளே' என்ற இரண்டு ஆட்டமுறைகளின் பெயர்கள் வந்து மறிக்கின்றன.

> மொத்த அடி ஆட்டம், நேரடி ஆட்டம் என்று வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, 'நேரடி' என்றதும் வாசகருக்குத் தொலைக்காட்சி நினைவுக்கு வந்துவிடும். 'மொத்த அடி' என்றால் யாரோ நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது போல இருக்கிறது. இரண்டு முறைகளுக்கும் என்ன வேறுபாடு என்பதிலிருந்தே சொல்லை எடுக்கலாம். ஸ்ட்ரோக் பிளேயில் கடைசிவரை எத்தனை முறை அடித்தார் என்று கூட்டுகிறோம். ஒரு குழியில் சொதப்பி ஒன்பது அடித்தால் அந்த ஒன்பதும் இறுதிவரை கூடவே வரும். மேட்ச் பிளேயில் இருவர் மோதுகிறார்கள், குழிக்குக் குழி வெற்றி தோல்வி. அங்கே ஒன்பது அடித்தாலும் பறிபோவது ஒரு குழிதான். ஆகவே முதலாவது அடிக்கணக்கு. இரண்டாவதற்குக் குழிக்கணக்கு என்று இங்கே ஒருவர் முன்மொழிந்திருந்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு இரண்டு தயக்கங்கள்.

சிறியதை முதலில் சொல்லிவிடுகிறேன். நூறு குழி ஒரு மா என்று நிலம் அளந்த ஊர்க்காரர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறீர்கள். குழிக்கணக்கு என்றால் உங்களுக்குப் பத்திரம்தான் கண்முன் வரும்.

பெரியது ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. செயின்ட் ஹெலினாவும் தீவு விளையாட்டுகளில் ஓர் உறுப்பினர். அங்கே நெப்போலியன் சிறையிருந்த லாங்வுட் பகுதியில் உள்ள திடலில் ஒன்பது குழிகள்தான். பதினெட்டு ஆட வேண்டுமானால் இரண்டு சுற்று வர வேண்டும். மண்ணில் தோண்டியது ஒன்பது, அடிகளைக் குறிக்கும் அட்டையில் பதினெட்டு. பந்து விழும் பள்ளத்தையும், தொடங்கும் இடத்திலிருந்து அந்தப் பள்ளம்வரை ஆடும் பகுதியையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் ஓட்டிவிடுகிறது. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தாயத்தில் கட்டம் இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்வோம். பள்ளம் குழி, ஆடும் பகுதி கட்டம். அப்படியானால் மேட்ச் பிளே கட்டக்கணக்கு. 'இரண்டு கட்டம் மீதமிருக்க மூன்று கட்ட முன்னிலையில் வென்றார்' என்று எழுதிப் பாருங்கள், உறுத்தவில்லை.

> 'அடி' நீள அளவோடு குழம்பாதா? 'வீச்சு' மேல் அல்லவா?

குழம்பும் இடம் உண்டு. 'பன்னிரண்டு அடியிலிருந்து இரண்டு அடியில் முடித்தார்' என்று எழுதினால் வாசகர் ஓடிவிடுவார். திடலின் நீளத்துக்குக் கஜம், குழியைச் சுற்றியுள்ள பச்சைத்தரையில் பந்துக்கும் குழிக்கும் உள்ள தூரத்துக்கு மீட்டர் என்று வைத்துக்கொண்டால் சிக்கல் தீரும். வீச்சைக் கிரிக்கெட் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. மேலும், சாண் தூரத்துப் பந்தை மெல்லத் தள்ளிவிடுவதை யார் வீச்சு என்பார்கள்? 250 கஜம் பறக்க விளாசினாலும் ஒன்று, இப்படித் தள்ளினாலும் ஒன்று. இரண்டுக்கும் அடி பொருந்துகிறது.

> ஓங்கிய மட்டை பந்தில் படாமலே போனாலும் ஒன்று ஏறுமே அண்ணா, அதுவும் அடியா?

அதுவும் அடிதான் தங்கச்சி. அடிக்கும் எண்ணத்தோடு மட்டையைப் பந்தை நோக்கி இறக்கினாலே கணக்கு. 'அடி தவறிவிட்டது' என்று நாமும் சொல்கிறோமே. பந்து தண்ணீரில் விழுந்ததற்காகக் கூட்டுவதைத் தண்ட அடி என்று போட்டுவிடலாம்.

அடுத்தது அணிப் போட்டி. ஒலிம்பிக்கில் 2016 முதல் 2024 வரை தனிநபர் பதக்கம் மட்டுமே இருந்ததால் அணிக் கணக்குக்கான சொல் இதுவரை தேவைப்படவில்லை. தீவுகள் மோதும்போது தேவைப்படுகிறது. இவ்வகை அணிப் போட்டிகளில் வழக்கமான முறை, நால்வர் ஆடுவார்கள், அன்றைய சிறந்த மூன்று அட்டைகளைக் கூட்டுவார்கள். 70, 72, 75, 81 என்று வந்தால் அணிக்கு 217. அந்த 81-க்கு என்ன பெயர்?

'நிராகரிக்கப்பட்ட அட்டை' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது தப்பாகக் கையெழுத்துப் போட்டு நீக்கப்பட்டவரைச் சொல்வது போல ஒலிக்கிறது. இவர் ஒரு தப்பும் செய்யவில்லை, காற்றில் கொஞ்சம் தடுமாறினார், அவ்வளவுதான். மறுநாள் இவருடைய அட்டையே அணியைத் தூக்கி நிறுத்தலாம். தனிநபர் பட்டியலில் அந்த 81 அப்படியே நிற்கவும் செய்யும். 'தள்ளுபடி' என்றால் ஆடி மாதத் துணிக்கடை. எனக்கு 'சேரா அட்டை' போதும் என்று படுகிறது. எடுத்துக்கொண்ட மூன்றும் சேர் அட்டைகள்.

'சிறு நாடுகளின் போட்டி' என்ற துணைத்தலைப்பையும் மாற்றிவிடுகிறேன். ஜெர்சி பிரிட்டிஷ் முடியைச் சார்ந்தது, காட்லாந்து சுவீடனின் ஒரு பகுதி, ஆலந்து பின்லாந்தைச் சேர்ந்த தன்னாட்சிப் பகுதி. 'தீவு அணிகள்' என்றால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஜெர்சி தீவுக்கான தகவல் பெட்டியில் ஹாரி வார்டன் பெயரைச் சேர்த்தவருக்கு நன்றி. கிரூவில்லில் பிறந்து பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை ஆறு முறை வென்ற மனிதரை விட்டுவிட்டு அந்தத் தீவின் குழிப்பந்தாட்டத்தைப் பற்றி எழுத முடியாது.

அடிக்கணக்கு, கட்டக்கணக்கு, சேரா அட்டை மூன்றையும் வரைவில் போட்டிருக்கிறேன். ஒரு கட்டத்துக்கு இத்தனை அடி என்று வகுத்திருக்கும் 'பார்' பற்றி இங்கே வேண்டாம், அதற்கு வேறு இழை திறப்போம். 'இலக்கடி' என்பவர்களும் 'நியம அடி' என்பவர்களும் அங்கே வந்து மோதிக்கொள்ளலாம்.