ஒரு ஏக்கர் நெல்லும் இரண்டு கறவை மாடும்: வரவு செலவை எப்படி மதிப்பிடுவது?

வாடிப்பட்டி வயல் கேட்டது:

வணக்கம். வாடிப்பட்டிக்கு அருகில் பெரியாறு பிரதானக் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு 1 ஏக்கர் 20 சென்ட் நிலம் இருக்கிறது. இதுவரை அப்பா பார்த்துவந்தார். முழங்கால் வலியால் இந்தப் போகத்திலிருந்து என்னிடம் ஒப்படைத்துவிட்டார். ஒரு ஏக்கரில் நெல்லும், கிணற்றை ஒட்டிய 20 சென்டில் தீவனப் புல்லும் போட்டு, இரண்டு கறவை மாடுகள் வாங்கலாம் என்று எண்ணுகிறேன்.

மாட்டுக் கடனுக்காக ஒருவர் திட்ட அறிக்கை எழுதிக் கொடுத்தார். மாடு ஒன்றுக்கு நாளுக்கு 10 லிட்டர், ஆண்டுக்கு 365 நாள், லிட்டருக்கு 36 ரூபாய் எனப் போட்டு, தீவனத்தைக் கழித்து, ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் நிகர லாபம் என்று அதில் முடித்திருந்தார். அப்பாவிடம் காட்டினேன். "365 நாளும் கறக்கிற மாடு எந்தச் சந்தையில் கிடைக்கும் என்று அவரையே கேட்டுவிட்டு வா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அப்பாவின் கணக்கு நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் இருக்கிறது. கையிலிருந்து கொடுத்த பணம் மட்டுமே அதில் உண்டு. அவரும் அம்மாவும் உழைத்த நாள்கள் ஒரு வரியில்கூட இல்லை. என் ஐயங்கள் மூன்று. சொந்த உழைப்பைச் செலவில் சேர்க்க வேண்டுமா? சொந்த நிலத்துக்குக் குத்தகை போட வேண்டுமா? வயலில் கிடைக்கும் வைக்கோலை நம் மாட்டுக்கே போட்டால் அது வரவா, செலவா?

தென்கரைக் கண்மாய் எழுதியது:

தம்பி, உங்கள் முதல் இரண்டு கேள்விகளும் நாடு முழுக்க நடக்கும் வழக்குதான். வேளாண் செலவு மற்றும் விலைகளுக்கான ஆணையம் இதற்காகவே செலவைப் பல படிகளாகப் பிரிக்கிறது. கையிலிருந்து போகும் பணமும் பொருளும் (நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தால் அந்தக் குத்தகையும்) சேர்ந்தது ஏ2. அதனுடன் குடும்பத்தாரின் உழைப்புக்குக் கூலி மதிப்பைச் சேர்த்தால் ஏ2+எஃப்எல். சொந்த நிலத்தின் வாடகை மதிப்பையும் சொந்த முதலீட்டின் வட்டியையும் சேர்த்துப் பார்ப்பது சி2. குறைந்தபட்ச ஆதரவு விலையைச் செலவைப்போல் ஒன்றரை மடங்கு என்று அரசு சொல்வது ஏ2+எஃப்எல்லை வைத்து. விவசாயிகள் கேட்பது சி2-வை வைத்து. எனவே உங்கள் அப்பாவின் கணக்கு தவறன்று, அது ஏ2. அடுத்த போகத்துக்குக் கையில் எவ்வளவு பணம் வேண்டும் என்பதை அதுதான் சொல்லும். நிலத்தை நாமே உழுவதா, குத்தகைக்கு விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவதா என்பதை அது சொல்லாது.

சென்ற போகத்தில் ஓர் ஏக்கருக்கு என் நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன். உங்கள் ஊர்க் கூலி வேறாக இருக்கலாம். உழவும் தொளி (சேறு) அடித்ததும் 4,800, விதையும் நாற்றங்காலும் 2,200, வரப்பு வெட்டு, நாற்றுப் பறிப்பு, நடவு மூன்றும் 6,500, உரம் 4,200, இரண்டு முறை களையெடுப்பு 4,000, மருந்து 1,800, அறுவடை வண்டி 3,600, காயவைத்து மூட்டை பிடித்து ஏற்றி இறக்கியது 2,400. ஆக 29,500 ரூபாய். நானும் என் மனைவியும் தண்ணீர் கட்டப் போன அரை நாள்களையெல்லாம் கூட்டினால் 25 முழு நாள் வருகிறது. நாளுக்கு 500 என்று போட்டால் 12,500. பக்கத்து வயலின் குத்தகை நெல்லை விலையாக்கினால் போகத்துக்கு 7,500. மொத்தம் 49,500. முதலுக்கு நான்கு மாத வட்டி சில நூறு ரூபாய்தான் என்பதால் விட்டுவிட்டேன்.

விளைந்தது 22 குவிண்டால், அதாவது அரசு நெல் கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ சிப்பத்தில் (மூட்டையில்) 55. மாநில ஊக்கத்தொகையும் சேர்ந்து 2025-26 பருவத்தின் சன்னரக விலை குவிண்டாலுக்கு 2,545. அந்த விலையில் 55,990 ரூபாய். வைக்கோல் 30 கட்டு. கட்டு 120-க்குப் போய், இயந்திரத்தில் கட்டாகச் சுருட்டிய கூலி 50 கழித்தால் 2,100. அப்பாவின் முறையில் லாபம் 28,590; முழுச் செலவையும் போட்டால் 8,590.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். முழுச் செலவில் வைக்கோல் வரவைக் கழித்து 22-ஆல் வகுத்தால், குவிண்டாலுக்கு ஏறக்குறைய 2,155 ரூபாய் கிடைத்தால்தான் கையைக் கடிக்காது என்று தெரியும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அறுவடை நேரத்தில் மழை பிடித்து, சாலையில் கொட்டிய நெல் காயாமல், களத்துக்கு வந்த வியாபாரியிடம் 1,900-க்குக் கொடுத்துவிட்டால், அதே விளைச்சலில் அந்த 8,590 லாபம் 5,600 நட்டமாகிவிடும். ஆகவே ஒரே ஒரு லாபத் தொகையை எழுதும் மதிப்பீட்டை நான் மதிப்பதில்லை. நல்ல விலை, கெட்ட விலை, நல்ல விளைச்சல், கெட்ட விளைச்சல் என்று நான்கு கட்டம் போட்டுப் பாருங்கள். கால்வாயில் தண்ணீர் திறப்பது தள்ளிப்போகும் ஆண்டில் இரண்டாம் போகம் இல்லாமலே போகலாம். ஒரு போக வருமானத்தை இரண்டால் பெருக்கி ஆண்டு வருமானம் என்று எழுதாதீர்கள்.

திருமங்கலம் அக்கா எழுதியது:

மாட்டுக் கணக்கை நான் சொல்கிறேன். உங்கள் அப்பா கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. மாடு ஏறத்தாழ 300 நாள் கறக்கும், பிறகு வற்றும். சினை ஊசி முதல் தடவையே நிற்பதில்லை என்பதால், ஒரு ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் இடையில் என் தொழுவத்தில் சராசரி 430 நாள் ஆகிறது. 12 லிட்டரில் ஏறிப் பிறகு இறங்கும் மாடு, 300 நாளில் சராசரி 8 லிட்டர் கொடுத்தால் 2,400 லிட்டர். அதை 430-ஆல் வகுத்தால் நாளுக்கு ஐந்தரை லிட்டரை ஒட்டித்தான் வரும். உங்கள் அறிக்கையின் 10 லிட்டர், கன்று போட்ட இரண்டாம் மாதத்துப் பால்.

தீவனத்தையும் அதே 430 நாளுக்குப் பரப்ப வேண்டும். உடம்பைக் காக்க ஒரு கிலோ, ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ என்ற வழக்கமான கணக்கில், வற்றிய காலத்துக்கு நாளுக்கு 2 கிலோவும் சேர்த்தால், சராசரி மூன்றரைக் கிலோ கலப்புத் தீவனம். கிலோ 32 ரூபாயில் அது 113. வைக்கோல் 4 கிலோ 32 ரூபாய். பண்டுதம் (வைத்தியம்), ஊசி, காப்பீடு 10 ரூபாய். பால் வரவோ லிட்டர் 36 ரூபாயில் 201. மிஞ்சுவது மாட்டுக்கு 46 ரூபாய். பசும்புல்லும், காலையும் மாலையும் நீங்கள் கறக்கும் நேரமும் இன்னும் கணக்கில் வரவில்லை. 60,000-க்கு வாங்கிய மாட்டை ஆறு ஆண்டு கழித்து 20,000-க்கு விற்றால், நாளுக்கு 18 ரூபாய் தேய்மானம். கன்றும் சாணமும் இதை ஓரளவு ஈடுகட்டும்; கிடேரிக் கன்றாக இருந்தால் மட்டும் கொஞ்சம் நன்றாகவே ஈடுகட்டும். பாலுக்கு விலை கொழுப்பையும் இதரச் சத்தையும் பார்த்துத்தான் போடுவார்கள் என்பதால், அந்த 36 ரூபாயையும் நிச்சயம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வைக்கோலைப் பற்றி: நெல்லுக்கு வரவு என்று எழுதினால், அதே விலையில் மாட்டுக்குச் செலவு என்று எழுதுங்கள். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஆனால் எந்தத் தொழில் எதைச் சுமக்கிறது என்பது தெரியும். திட்ட அறிக்கைகளில் நெல்லுக்கு வரவாகவும் மாட்டுக்கு இலவசமாகவும் எழுதிவிடுகிறார்கள். வயலுக்குப் போகும் சாணக் குப்பைக்கும் இதே விதிதான். புல் போடும் 20 சென்டுக்கும் மாடுதான் குத்தகை கட்ட வேண்டும்.

மல்லித் தோட்டம் எழுதியது:

கேள்வி நெல்லைப் பற்றியது என்றாலும், அந்த 20 சென்டில் மல்லிகை போடலாமா என்ற ஆசை எப்படியும் வரும் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மார்கழியில் மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கிலோ 2,000 என்று செய்தி பார்த்து மதிப்பீடு போடாதீர்கள். பனியில் பூ வராததால்தான் அந்த விலை. 2,000-க்கு 3 கிலோவும் 200-க்கு 150 கிலோவும் விற்றவருக்குச் சராசரி 1,100 அன்று, 235 ரூபாய். விடியும் முன் மொட்டாகப் பறிக்கும் கூலி அதற்குள்தான் அடங்க வேண்டும்.

வாடிப்பட்டி வயல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு அப்பாவுடன் உட்கார்ந்து புதிதாக எழுதினேன். தன்னுடைய நாள்களைச் சொல்லச் சொன்னபோது 10 என்றார். அடுப்படியிலிருந்து அம்மா 40 என்றார். 28 என்று எழுதியிருக்கிறேன். இப்போதைக்கு ஒரு மாடு போதும், அது கன்று போட்டு வற்றும்வரை பார்த்துவிட்டு இரண்டாவதை வாங்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. ஒரே ஒரு ஐயம்: அக்கா வைக்கோலைக் கிலோவில் சொல்கிறார், ஐயா கட்டில் சொல்கிறார். ஒரு கட்டு எத்தனை கிலோ?

திருமங்கலம் அக்கா எழுதியது:

நான் 15 கிலோ என்று வைத்துக்கொண்டேன். இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். ஈரத்தோடு சுருட்டினால் இன்னும் கனக்கும், உள்ளே பூஞ்சையும் பிடிக்கும். உங்கள் வயலில் சுருட்டியதும் நான்கைந்து கட்டைத் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.