டிரெயில் கேமரா: தமிழில் என்ன சொல்லலாம்? (அவசரம்)

செல்வி எழுதியது:
வணக்கம். மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கான போன் செயலி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஞாயிறு இரவுக்குள் கொடுத்தாக வேண்டும். தமிழில் யார் படிப்பார்கள் என்று கேட்காதீர்கள். எல்லா மொழியிலும் வேண்டுமாம். மரத்தில் ஏறி உட்காரும் மேடைக்குப் 'பரண்' என்று போட்டுவிட்டேன். டிரெயில் கேமராவில்தான் மாட்டிக்கொண்டேன். உள்ளங்கைக்குச் சற்றுப் பெரிய பெட்டி. மான் நடக்கும் தடத்தோரம் மரத்தில் வாரால் கட்டிவிட்டு வந்துவிடுவார்கள். சூடான உடல் எதுவும் எதிரே நகர்ந்தால் உணரி கண்டுபிடித்துப் படமெடுக்கும். படத்தை உள்ளே இருக்கும் நினைவக அட்டையிலேயே வைத்துக்கொள்வது ஒரு வகை, சிம் போட்டு உடனே போனுக்கு அனுப்புவது இன்னொரு வகை. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். இப்போதைக்குத் 'தடக்கேமரா' என்று வைத்திருக்கிறேன். சரியா?

மாறன் எழுதியது:
அம்மா, மகர ஈறு கெட்டு வல்லினம் மிகுந்திருக்கிறது, புணர்ச்சியில் குற்றமில்லை. பொருளில்தான் சிக்கல். 'தட' என்பது பெருமையைக் குறிக்கும் உரிச்சொல் என்று தொல்காப்பியம் சொல்கிறதே. யானையின் தடக்கை என்றால் தடத்தில் கிடக்கும் கையா? உங்கள் சொல்லைப் படிக்கிறவன் பெரிய கேமரா என்றுதான் நினைப்பான். அப்புறம், பரணுக்கு 'இதணம்' என்ற சங்கச்சொல் இருக்கிறது.

செல்வி எழுதியது:
ஐயா, பரண் எல்லாருக்கும் தெரியும். இதணம் நம் குழுவில் நாலு பேருக்குத் தெரியும்.

கதிரவன் எழுதியது:
முதலில் 'கேமரா' எதற்கு? படப்பொறி என்போம். பொறி என்றால் எந்திரம், பிடிக்கும் கண்ணி, கண் காது முதலான ஐம்பொறி. மூன்றும் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

நசீமா எழுதியது:
நெருப்புப்பொறியை விட்டுவிட்டீர்கள். இரவில் இது அகச்சிவப்பு ஒளியில்தான் படமெடுக்கிறது. 850 நானோமீட்டர் விளக்கு வைத்ததில் மங்கலாகச் சிவப்புத் தெரியும், 940 வைத்தது நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. செயலியில் கட்டாயம் 'ஒளிராத வகை' என்று ஒரு தேர்வு இருக்கும். 'ஒளிராத பொறி' என்று போட்டால் சிரிப்பார்கள்.

ஆனால் கண்ணி எனக்குப் பிடித்திருக்கிறது. ஜார்ஜ் ஷைரஸ் என்ற அமெரிக்கர் காட்டில் கயிறு கட்டி, விலங்கு அதில் இடறினால் கேமரா தானே படமெடுக்கும்படி செய்தார். அவர் எடுத்த 74 படங்களை நேஷனல் ஜியாகிரபிக் 1906 ஜூலை இதழில் போட்டது. கயிற்றில் சிக்கியது உடம்பு இல்லை, உருவம். அதனால் 'படக்கண்ணி'. உள்ளே கண்ணும் இருக்கிறது.

மாறன் எழுதியது:
படக்கண்ணி நன்று. வேட்டைச் சொல்லுக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. காட்டு மானை ஏமாற்றி வரவழைக்கப் பழக்கிய மானுக்குப் 'பார்வை' என்று பெயர். புறநானூறு 320ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். வேட்டுவன் முற்றத்தில் அயர்ந்து தூங்குகிறான். கட்டிவைத்த பார்வைப் பிணையோடு (பெண் மான்) எங்கிருந்தோ வந்த தனிக்கலை (ஆண் மான்) விளையாடுகிறது. மனைவி அதைப் பார்க்கிறாள். கணவன் விழித்துவிடக் கூடாது, கலையும் மிரண்டு ஓடிவிடக் கூடாது என்று வீட்டுக்குள் அசையாமல் நிற்கிறாள். இன்றைக்கு அந்த முற்றத்தில் ஒரு பெட்டி கட்டியிருந்தால் வேட்டுவன் போன் அடித்து எழுந்திருப்பான்! கேமராவுக்கே 'பார்வை' என்று வைத்துவிடலாம் என்று தோன்றுகிறது.

நசீமா எழுதியது:
ஐயா, பார்வை மானை வரவழைக்கும், கேமரா வரவழைக்காது. பொம்மை மான் என்று செயலியில் எங்காவது வந்தால் அதற்கு வைத்துக்கொள்ளலாம். கலையும் பிணையும் ஆண், பெண் பொத்தான்களுக்கு ஆகும்.

கதிரவன் எழுதியது:
கலைக்கே சொல் தேடும் கலைச்சொல் குழு!

செல்வி எழுதியது:
கலை என்று மட்டும் போட்டால் ஓவியம் என்று நினைப்பார்கள். 'ஆண் மான்' என்று போட்டாகிவிட்டது. தயவுசெய்து இரண்டாவது வகைக்கு வாருங்கள். 'அனுப்புக்கேமரா' சரிவருமா?

மாறன் எழுதியது:
வினைத்தொகையில் வல்லினம் மிகாது. 'அனுப்பு கேமரா'. ஊறுகாய், சுடுசோறு மாதிரி.

நசீமா எழுதியது:
வினைத்தொகை என்பதுதான் இங்கே வம்பு. அனுப்பிய, அனுப்புகிற, அனுப்பும், மூன்று காலமும் அதற்குள் மறைந்திருக்கும். வேட்டை விதிகள் கேட்பதோ அந்தக் காலத்தைத்தான். 1887இல் தொடங்கிய அமெரிக்க வேட்டைக்காரர் சங்கமான பூன் அண்ட் கிராக்கெட் கிளப் 'நியாயமான துரத்தல்' என்று ஒரு நெறி வைத்திருக்கிறது. மான் இப்போது எங்கே நிற்கிறது என்று படமோ தகவலோ உடனுக்குடன் வந்து, வேட்டைக்காரர் உடனே கிளம்பிப் போய்ச் சுட்டால் அது நெறிக்குப் புறம்பு. போன வாரப் படத்தை அட்டையிலிருந்து எடுத்துப் பார்ப்பது வேறு கதை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 2022 ஜனவரி 1 முதல் வேட்டைக்கு உதவியாக எந்த வகையையுமே வைக்கக் கூடாது. ஆகவே முதல் வகையையும் சேர்த்துச் சுட்ட ஒரு பொதுச்சொல்லும், உடனே அனுப்புவதைப் பிரித்துச் சொல்ல ஓர் அடைமொழியும் வேண்டும். 'உடனனுப்பு' என்றால் காலம் வெளியே தெரியும்.

கதிரவன் எழுதியது:
உடனனுப்பு படப்பொறி. எட்டுத் திக்கும் கேட்கும்படி நீளம்!

செல்வி எழுதியது:
பொத்தானில் பதினாறு எழுத்துக்கு மேல் கொள்ளாது. புள்ளி, கொம்பு எல்லாவற்றையும் தனித்தனி எழுத்தாக எண்ணுகிறது அந்தப் பாழாய்ப்போன பெட்டி. படக்கண்ணி கொள்ளும், அழகாகவும் இருக்கிறது. ஆனால் வேட்டைச் செயலியில் 'கண்ணி வைக்க' என்று பார்த்தால் சுருக்குக் கண்ணி என்றுதானே படிப்பார்கள்? நாளைக்கு ஒருவர் நிஜமாகவே கண்ணி வைத்துவிட்டு நம் குழுவைக் கைகாட்டுவார்.

இங்கே எழுதாதவர்களையும் சேர்த்து இதுவரை தடக்கேமராவுக்கு நான்கு பேர், படக்கண்ணிக்கு இருவர், படப்பொறிக்குக் கதிரவன் மட்டும். தடக்கேமரா என்றே அனுப்புகிறேன். இரண்டாவது வகை எச்சரிக்கைப் பக்கத்தில் 'படத்தை உடனே போனுக்கு அனுப்பும் தடக்கேமரா' என்று முழுதாக வரும், பொத்தானில் 'சிம் வகை'. எல்லாருக்கும் நன்றி, தூங்கப்போகிறேன்.

கதிரவன் எழுதியது:
சிம் என்பது தமிழா?

மாறன் எழுதியது:
பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். பெரிய கேமராவுக்குச் சொல் தேவைப்படும்போது மட்டும் என்னிடம் வராதீர்கள். அதை இன்று செலவழித்துவிட்டீர்கள்.